உருவம் கடைசியில் வரட்டும்

கேன்வாஸ் முன்னால் போய் நிற்கும்போது என்ன வரையப் போகிறேன் என்று எனக்குத் தெரியாது. பென்சில் கோடு போட்டுக்கொள்வதில்லை. போட்டோ எதையும் பக்கத்தில் ஒட்டி வைப்பதுமில்லை. ஆனாலும் நான் வரைவது முழு அரூபம் இல்லை. முடிந்த படத்தில் ஒரு ஆளோ இரண்டு ஆளோ இருப்பார்கள். மூக்கு, கண் இருக்காது, விரலை எண்ண முடியாது, ஆனால் மனித உடம்பு என்பதில் பார்ப்பவருக்குச் சந்தேகம் வராது. "அது எப்படிங்க தானா வருது?" என்று பலர் கேட்கிறார்கள். தானாக வருவதில்லை. உள்ளுணர்வு என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு கையின் பழக்கம், மீதி காத்திருப்பது. சமீபத்தில் முடித்த ஒரு படத்தை எடுத்துக்கொண்டு, செய்த வேலையைச் செய்த வரிசையில் சொல்கிறேன். நான்கடிக்கு மூன்றடி, எண்ணெய் வண்ணம். திண்ணையில் ஒருத்தி இன்னொருத்திக்குப் பேன் பார்க்கிறாள். அது பேன் பார்க்கிற படம் என்று எனக்கே தெரிந்தது பாதி வேலை முடிந்த பிறகுதான்.

முதலில் துணி. வழவழப்பான மெல்லிய கேன்வாஸ் எனக்கு ஆகாது. நெசவு தடித்த பருத்தித் துணி வேண்டும். காரணம், என் வேலையில் பூசுவதைவிடச் சுரண்டுவது அதிகம். தடித்த நெசவில் வண்ணத்தைச் சுரண்டினால் மேட்டில் இருப்பது போய்விடும், பள்ளத்தில் இருப்பது தங்கிவிடும். அப்படித் தங்குகிற மங்கலான தடம்தான் அடுத்த நாள் வேலைக்கு மூலதனம். துணியைச் சட்டத்தில் இழுக்கும்போது நான்கு பக்கத்திலும் நடுவில் முதலில் அடித்துவிட்டு, எதிரெதிராக மூலையை நோக்கிப் போகவேண்டும். மூலைகளில் ஆப்பு வைக்க இடம் இருக்கட்டும். மழைக்காலத்தில் துணி தளர்ந்தால் ஆப்பை லேசாகத் தட்டி இறுக்கிக்கொள்ளலாம். ஜெஸ்ஸோ, அதாவது வண்ணத்துக்கு அடியில் போகிற வெள்ளைப் பூச்சு, மூன்று தடவை, ஒன்று நீளவாக்கில், அடுத்தது குறுக்குவாக்கில். உப்புத்தாள் பேருக்குத்தான் போடுகிறேன். ரொம்பத் தேய்த்தால் துணியின் சொரசொரப்பு போய்விடும்.

வெள்ளையாக இருக்கிற கேன்வாஸில் எந்த நிறத்தை வைத்தாலும் அது அடர்த்தியாகத் தெரியும், கண் ஏமாறும். அதனால் முதல் வேலை வெள்ளையைக் கொல்வது. ரா அம்பர் என்கிற மண்பழுப்பு நிறத்தில் டர்பன்டைனைத் தாராளமாக விட்டு, பழைய வேட்டித் துணியில் தொட்டு, முழுப்பரப்பிலும் தேய்த்துவிடுவேன். ரா அம்பரை எடுப்பதற்குக் காரணம் உண்டு. அதில் மாங்கனீஸ் இருக்கிறது. அது எண்ணெய் காய்வதை வேகப்படுத்தும். அடியில் போகிற பூச்சு சீக்கிரம் காயவேண்டும், எண்ணெய் குறைவாக இருக்கவேண்டும். எண்ணெய் வண்ணம் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றிலிருக்கும் ஆக்சிஜனை உள்ளே இழுத்துக் கெட்டிப்படுகிறது. காயும்போது ஆரம்பத்தில் அதன் எடை கூடக்கூடச் செய்யும். எண்ணெய் அதிகமான பூச்சு அடியிலும் குறைவான பூச்சு மேலேயும் இருந்தால், மேலே இருப்பது முதலில் இறுகிவிடும், அடியில் இருப்பது இன்னும் அசைந்துகொண்டிருக்கும், வெடிப்பு விழும். உள்ளுணர்வில் வரைகிறவர்களுக்கு இந்த விதி ரொம்ப முக்கியம். எத்தனை பூச்சு வரும் என்று முன்கூட்டித் தெரியாதவர்கள் நாம்தானே. முதல் நாளே எண்ணெயை ஊற்றிவிட்டால் பிறகு போக வழியில்லை.

அம்பர் காய்ந்த பிறகு அல்ட்ராமரீனையும் பர்ன்ட் அம்பரையும் கலந்து ஒரு கறுப்பு தயார் செய்தேன். ட்யூபில் வருகிற ஐவரி பிளாக்கை அடிப்பூச்சில் தொடமாட்டேன், மெதுவாகக் காய்கிற நிறம் அது. கலந்து செய்த கறுப்பில் நீலம் தூக்கலாக ஒரு பக்கமும் பழுப்பு தூக்கலாக ஒரு பக்கமும் வைத்துக்கொள்ளலாம். வெளிச்சத்தில் அந்தக் கறுப்பு உயிரோடு இருக்கும். சுவருக்கு அடிக்கிற மூன்றங்குல பிரஷ், அதுவும் இடது கையில். வலது கைக்கு நிறையத் தெரியும். அதற்குப் பிரஷைக் கொடுத்தால் உடனே காதும் தாடையும் வரைய ஆரம்பித்துவிடும். நின்றபடி, தோளிலிருந்து வீசினேன். இந்தக் கட்டத்தில் எனக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு: கோடு எங்கேயும் மூடக்கூடாது. வட்டம் மூடினால் அது தலையாகிவிடும். தலை வந்துவிட்டால் கழுத்து வேண்டும், தோள் வேண்டும், அப்புறம் படம் முழுக்க அந்தத் தலைக்குச் சேவகம்தான்.

வீசி முடித்ததும் கேன்வாஸை நான்கு பக்கமும் திருப்பித் திருப்பி வைத்துப் பார்ப்பேன். போட்ட நிலையில் அது வெறும் இருட்டு மூட்டை. பக்கவாட்டில் வைத்தால் பாறை. தலைகீழாக வைத்தபோது இரண்டு கனம் தெரிந்தது: ஒன்று மேலே, கொஞ்சம் பின்னால், இன்னொன்று கீழே, முன்னால் சரிந்து. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்திருந்தன. உருவம் என்று எதுவும் இல்லை, ஒரு பாரம் மட்டும் இருந்தது. போதும் என்று அந்தப் பக்கத்தையே மேலாக வைத்துக்கொண்டேன்.

இங்கே கொஞ்சம் நின்று ஒன்றைச் சொல்லவேண்டும். அந்தச் சாய்வை என் கண் பிடித்ததற்குக் காரணம் இருக்கிறது. பல வருடமாகச் சட்டைப்பையில் அடங்குகிற நோட்டில் ஆட்களை வரைந்துகொண்டிருக்கிறேன். பேருந்து நிலையம், ஆஸ்பத்திரியில் டோக்கனுக்குக் காத்திருக்கிற கூட்டம், ரேஷன் கடை வரிசை. ஒவ்வொன்றும் அரை நிமிடக் கோடு. வரைந்ததைத் திரும்ப எடுத்துப் பார்ப்பதுகூட இல்லை. ஆனால் முதுகு வளைகிற விதம், ஒருவர் இன்னொருவர்மேல் கனத்தைப் போடுகிற விதம் எல்லாம் கையில் தங்கிவிடுகிறது. சென்னை ஓவியர்களிடம் கோட்டுக்கு இருக்கிற மதிப்பு சும்மா வந்ததில்லை. 1850இல் தொடங்கிய கலைப்பள்ளி, கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் சக ஓவியர்களோடு உருவாக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம், இந்த இரண்டையும் சுற்றி வளர்ந்தவர்களில் பலர் கோட்டிலிருந்து கிளம்பியவர்கள். ஓவியர் கே.எம். ஆதிமூலத்தைப் பாருங்கள். 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டிக் கறுப்புக் கோட்டில் காந்தியை வரிசையாக வரைந்த அதே கைதான் பிறகு எண்ணெய் வண்ணத்தில் உருவமே இல்லாத பரப்புகளுக்குப் போனது. அந்தப் படங்களில் கத்தியால் இழுத்த ஒவ்வொரு பட்டையிலும் கோட்டின் உறுதி இருப்பதாக எனக்குப் படும். உருவத்தைக் கரைக்க விரும்புகிறவர் முதலில் அதைக் கோட்டில் பிடித்துப் பழகியிருக்கவேண்டும் என்பது என் தீர்மானமான எண்ணம். இதில் குறுக்குவழி இல்லை.

இனி படத்துக்கு வருவோம். உருவத்தை நேராகத் தொடாமல் அதைச் சுற்றியிருக்கிற வெற்றிடத்தை வரைய ஆரம்பித்தேன். எல்லோ ஓக்கர், டைட்டானியம் ஒயிட், துளி அல்ட்ராமரீன்: மத்தியான வெயில் பட்ட பழைய சுண்ணாம்புச் சுவர் நிறம் வரும். வெள்ளை வாங்கும்போது ட்யூபின் முதுகில் இருக்கிற குறியீட்டைப் பாருங்கள். பி.டபிள்யூ. 6 என்றால் டைட்டானியம், பி.டபிள்யூ. 4 என்றால் ஜிங்க். ஜிங்க் ஒயிட் காலப்போக்கில் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும், அடிப்பூச்சில் அது இருந்தால் மேலே இருப்பதெல்லாம் ஆபத்து. பல பேர் 'ஒயிட்' என்று மட்டும் பார்த்து வாங்குகிறார்கள்.

வெளிச்ச நிறத்தை இருட்டின் ஓரமாக வைத்துக்கொண்டே போனால் இருட்டுக்கு விளிம்பு உண்டாகிறது. நாம் விளிம்பை வரையவில்லை. அது ஒதுங்கி நிற்கிறது. அப்படிப் போய்க்கொண்டிருந்தபோது இரண்டு கனமும் சேர்கிற இடத்தில், ஏறக்குறைய கட்டைவிரல் நகம் அளவுக்கு, ஒரு சின்ன முக்கோணத்தில் ஓக்கர் விழுந்தது. பிரஷ் முனையால் தொட்டேன், ஓரத்தில் கீழே இருந்த கறுப்பு கொஞ்சம் கலந்து பச்சை மாதிரி ஆனது. அவ்வளவுதான். அந்த முக்கோணம் விழுந்ததும் அதற்கு மேலே இருந்தது முழங்கையாகவும் கீழே இருந்தது குனிந்த பிடரியாகவும் ஆகிவிட்டன. ஒரு கை ஒரு தலையை அழுத்திக் குனியவைத்திருக்கிறது. பேன் பார்க்கிறாள்! மூன்று மணி வெயிலில் திண்ணைகளில் எத்தனை முறை பார்த்த காட்சி. மடியில் சாய்த்துப் பிடரியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஆடாம இருடீ" என்று அதட்டுகிற கை.

உருவம் இன்னதென்று தெரிந்த அந்த நிமிடம்தான் இந்த வேலையிலேயே ஆபத்தானது. தெரிந்த உடனே கை துடிக்கும். பின்னல் போடலாமா, புடவைக் கரை வைக்கலாமா, ஈர்கோலி ஒன்று கையில் கொடுக்கலாமா என்று மனசு வரிசையாக நீட்டும். ஒவ்வொன்றும் நல்ல யோசனை மாதிரியே இருக்கும். எல்லாவற்றையும் வைத்தால் காலண்டர் படம் கிடைக்கும். அதனால் அன்று பிரஷைக் கீழே வைத்துவிட்டு, பெயிண்டர்கள் பட்டி பார்க்கிற அகலத் தகட்டை எடுத்து, மேலிருந்து கீழாகச் சுரண்டிவிட்டேன்.

சுரண்டுவதில் ஒரு விஷயம்: துணிக்குப் பின்னால் சட்டத்தின் குறுக்குக் கட்டை இருக்கிறது. அதன்மேல் தகட்டை அழுத்தினால் கட்டையின் ஓரம் நேர்க்கோடாகப் படத்தில் விழுந்துவிடும், பிறகு எத்தனை பூச்சு போட்டாலும் எட்டிப் பார்க்கும். கட்டைக்கும் துணிக்கும் நடுவில் தடித்த அட்டை ஒன்றைச் செருகிக்கொண்டால் அழுத்தம் சமமாகப் பரவும். தகட்டின் இரண்டு மூலையையும் உப்புத்தாளில் தேய்த்து மழுக்கிவிடுங்கள், துணி கிழியாது.

தகடு போகாத இடத்துக்குச் செய்தித்தாள். ஈரப் படத்தின்மேல் தாளை விரித்து, உள்ளங்கையால் பரவலாக அழுத்தி, ஒரு மூலையிலிருந்து உரித்தால் எண்ணெய் தளும்புகிற மேல்படலத்தைத் தாள் வாங்கிக்கொள்ளும். கீழே மங்கலான, பளபளப்பு இல்லாத ஒரு பரப்பு மிஞ்சும். லண்டன் ஸ்லேட் கலைப்பள்ளியில் சொல்லிக்கொடுத்த ஹென்றி டாங்க்ஸ் பெயரால் இதை 'டாங்க்கிங்' என்கிறார்கள். அமெரிக்க ஓவியர் வில்லெம் டி கூனிங் நேரெதிராக, வண்ணம் காயாமல் இருப்பதற்காகச் செய்தித்தாளை மேலே போட்டு வைப்பார். அச்செழுத்து இடவலம் மாறிப் படத்தில் ஒட்டிக்கொண்டதை அழிக்காமல் விட்ட படங்களும் அவரிடம் உண்டு. என் படத்திலும் கீழ் ஓரத்தில் தமிழ் எழுத்து கொஞ்சம் திரும்பி விழுந்தது. எழுத்து வந்தால் கண் படிக்கப் போய்விடும் என்பதால் அதை மூடிவிட்டேன்.

பூசியதைச் சுரண்டுகிறோமே, வீண்தானே என்று தோன்றும்போது நான் நினைத்துக்கொள்கிற ஆள் ஃபிராங்க் அவர்பாக். 1954இலிருந்து லண்டனில் ஒரே ஸ்டூடியோவில், வாரா வாரம் வருகிற அதே ஆட்களை வரைந்தவர். அன்றைய வேலை பிடிக்கவில்லையென்றால் முழுவதையும் சுரண்டிவிட்டு அடுத்த முறை மறுபடி தொடங்குவார். டி கூனிங்கின் முதலாவது 'பெண்' படம் 1950இல் தொடங்கி 1952இல்தான் முடிந்தது. நடுவில் அதை ஒதுக்கிவைத்துவிட்டார். கலை வரலாற்றாசிரியர் மேயர் ஷபீரோ ஸ்டூடியோவுக்கு வந்து பார்த்துப் பேசியபிறகே திரும்ப எடுத்தார். அந்தப் படத்தின் வேகத்தைப் பார்த்தால் ஒரே மூச்சில் வீசியது போலத் தெரியும். இரண்டு வருடம் அழித்து அழித்துப் போட்ட வேகம் அது.

சுரண்டியபிறகு மிஞ்சிய தடத்தில் சாய்வு மட்டும் இருந்தது, பிடரி இருந்தது, முக்கோணம் லேசாகத் தெரிந்தது. கேன்வாஸைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தேன். திரும்ப எடுத்தபோது வலது கையைச் சேர்த்துக்கொண்டேன். இனி அது கெடுக்காது.

தோலின் நிறத்தைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். 'ஃப்ளெஷ் டின்ட்' என்று கடையில் விற்கிற ட்யூப் நம் ஊர் உடம்புக்கு எந்த வகையிலும் பொருந்தாது. கறுத்த தோலில் வெயில் படுகிற இடம் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ ஆவதில்லை, நீலச்சாம்பலாக ஆகிறது. தோல் வானத்தைத் திருப்பிக் காட்டுகிறது. நிழலில்தான் சிவப்பு இருக்கிறது. அதனால் நிழலுக்கு பர்ன்ட் சியன்னாவும் அலிசரின் கிரிம்சனும் அல்ட்ராமரீனும். வெளிச்சத்துக்கு கோபால்ட் ப்ளூவில் வெள்ளையும் துளி அம்பரும். வெயிலில் நிற்கிறவரின் தோள்பட்டையைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒருமுறை பாருங்கள், நான் சொல்வது தெரியும். பிடரியில் அந்த நீலச்சாம்பலை ஒரே இழுப்பாக வைத்தேன். அலிசரின் காய ரொம்ப நாளாகும், ஆகையால் அது மேல்பூச்சில் மட்டும்.

கைகளைக் கடைசிவரை தள்ளிப்போட்டேன். ஒரு கைக்கு இரண்டு இழுப்பு, அதற்குமேல் கிடையாது என்று வைத்துக்கொண்டேன். ஈரத்தின்மேல் ஈரம் வைக்கும்போது இழுப்பு முதல் தடவையே சரியாக விழவேண்டும், தொட்டுத் தொட்டுத் திருத்தினால் சேறாகிவிடும். இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். படத்துக்கு முன்னால் ஒரு விரல் இடைவெளி விட்டுக் கண்ணாடி மாதிரி தெளிவான பிளாஸ்டிக் தாளைத் தொங்கவிட்டு, அதன்மேல் இழுத்துப் பார்ப்பேன், துடைப்பேன், மறுபடி இழுப்பேன். தோள் அந்த அசைவைப் பழகிக்கொண்டபிறகு தாளை எடுத்துவிட்டு, யோசிக்காமல் கேன்வாஸில். ஒத்திகை பார்த்தால் உள்ளுணர்வு எப்படி என்று கேட்கலாம். கச்சேரியில் மனோதர்மமாகப் பாடுகிறவர் வீட்டில் சாதகம் செய்யாமலா வருகிறார்? மேல்கை இரண்டு இழுப்பில் வந்தது. அழுத்துகிற கைக்கு ஒரே இழுப்பு போதுமாக இருந்தது, இரண்டாவதை வைக்கவில்லை.

சென்னையில் எண்ணெய் வண்ணம் வைத்திருப்பவர்களுக்கு நடைமுறையாகச் சில. ஐப்பசி, கார்த்திகையில் காற்றில் ஈரம் ஏறிவிட்டால் பூச்சு காய வழக்கத்தைவிட நாள் எடுக்கும், துணியின் முதுகில் பூசணம் பிடிக்கும். சுவரோடு ஒட்டிச் சாய்க்காமல் பின்னால் காற்றுப் போக இடம் விடுங்கள். மழை விட்ட மாலையில் ஈசல் கிளம்பினால் ஸ்டூடியோ விளக்கை அணைத்துவிடுங்கள். ஈரமான படத்தில் இறக்கையோடு ஒட்டிக்கொண்டால் எடுக்கவே முடியாது. படத்தைப் பூட்டிய இருட்டறையில் காயவைக்கவும் கூடாது, ஆளிவிதை எண்ணெய் இருட்டில் மஞ்சளிக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம் எண்ணெய் துடைத்த துணி. அதைச் சுருட்டி மூலையில் போட்டால், காயும்போது உண்டாகிற சூடு உள்ளேயே தங்கித் தானாகத் தீப்பிடிக்கும். மிகையாகச் சொல்லவில்லை. தண்ணீர் ஊற்றிய மூடி போட்ட டின்னில் போடுங்கள், அல்லது வெளியே கொடியில் விரித்துக் காயப்போடுங்கள். டர்பன்டைன் திறந்திருக்கும்போது ஜன்னலும் திறந்திருக்கவேண்டும்.

எப்போது நிறுத்துவது? போனில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுத்துப் பார்ப்பேன். நிறத்தின் கவர்ச்சி போய் வெளிச்சமும் இருட்டும் மட்டும் நிற்கும். பிறகு படத்தின் ஒவ்வொரு பகுதியையும் உள்ளங்கையால் மறைத்துப் பார்ப்பேன். மறைத்தும் படத்துக்கு ஒன்றும் குறையவில்லை என்றால் அந்தப் பகுதி வேண்டாதது. இப்படிப் பார்த்ததில் வலது ஓரத்தில் திண்ணைத் தூண் என்று வைத்திருந்த செங்குத்துப் பட்டை போனது. முக்கோணத்தை மறைத்தபோது இரண்டு பெண்களும் மறுபடி மூட்டையானார்கள். அதைத் தொடவில்லை.

படம் இன்னும் ஓவியத் தாங்கியில் இருந்தபோது பக்கத்து வீட்டு அக்கா சாவி கொடுக்க வந்தார். நான் எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பேன் பாக்குறாளா?" என்றார்.

"ஆமாங்கக்கா. எப்படித் தெரிஞ்சுது?"

"தெரியாம என்ன. பின்னால உக்காந்திருக்கிறவ அம்மா இல்ல, அக்காக்காரி."

"அது எப்படிச் சொல்றீங்க?"

"அம்மான்னா இப்படி அமுக்க மாட்டா தம்பி. அக்காதான் கழுத்த ஒடிக்கிற மாதிரி அமுக்குவா. எங்க பெரியக்கா அப்படித்தான்."

நான் வைத்தது ஒரே இழுப்பு. அதில் அம்மாவா அக்காவா என்று நான் யோசித்ததே இல்லை. அவர் போனபிறகு பிளாஸ்டிக் தாளை மடித்து உள்ளே வைத்துவிட்டேன்.

இப்போது படம் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்திருக்கிறது. வார்னிஷ் போட இன்னும் ஆறு மாதமாவது ஆகும். பிடரியில் பூச்சு தடிமனாக இருப்பதால் ஒரு வருடம் பொறுக்கலாம் என்றிருக்கிறேன். கையெழுத்தைப் பின்பக்கம் போட்டேன், முன்னால் இன்னொரு கோட்டுக்கு இடமில்லை. சுரண்டியபோது தகட்டில் திரண்ட வண்ணத்தை எறியவில்லை. எல்லா நிறமும் கலந்து, பெயர் வைக்க முடியாத ஒரு சாம்பல் பழுப்பு. காயாமலிருந்ததை டர்பன்டைனில் நன்றாகக் கரைத்து, அடுத்து இழுத்து வைத்திருந்த கேன்வாஸில் அம்பருக்குப் பதிலாக அதையே தேய்த்துவிட்டேன். அது மூன்றடிக்கு மூன்றடி. சதுரத்தில் எந்தப் பக்கம் மேல் என்று முடிவு செய்வது இன்னும் சிரமம். அடுத்த வாரம் ஆரம்பிக்கவேண்டும்.